பதிலுக்கு அனுப்பியது

நாகூர் மீரான் எழுதினால் அது நடந்திருக்கும் என்று பினாங்கில் ஒரு பேச்சு இருந்தது. சூலியா தெருவில் நாணயம் மாற்றுகிறவர்களிலிருந்து பத்து காவான் வட்டாரத் தொழிற்சாலைகளில் ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் வரைக்கும், 'வடமுனை' நாளிதழைக் கையில் எடுத்ததும் வடக்கு மாநிலச் செய்திப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவார்கள். தலைப்புக்குக் கீழே அவர் பெயர் இருந்தால் கடைசி வரிவரை படிப்பார்கள். இருபத்தாறு வருடமாக எழுதுகிற மனிதர். ஒல்லியான உடம்பு, தோளில் மழைக்கோட்டு, வலது கை ஆள்காட்டி விரலில் மாமனார் போட்ட பச்சைக்கல் மோதிரம். பள்ளிவாசல் கந்தூரியானாலும் கோயில் திருவிழாவானாலும் மாதா கோயில் நவநாளானாலும் அவருடைய பழைய மோட்டார் சைக்கிள் முதலில் போய் நிற்கும். மூன்று நாளாகக் குழாயில் தண்ணீர் வராத அடுக்குமாடிக்காரர்களும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் எழுதிய மறுநாள் தண்ணீர் வந்துவிடும். அந்த மதிப்பு அவர் உழைத்துச் சம்பாதித்தது. இதை முதலிலேயே சொல்லி வைக்க வேண்டும், ஏனென்றால் பிறகு வருவதைக் கேட்டால் ஆளை ஒரேயடியாகத் திட்டித் தீர்க்கத் தோன்றும்.

அரசியல் செய்தி மட்டும் வேறு கணக்கு. பத்திரிகை முதலாளி எந்தப் பக்கம் சாய்கிறாரோ அது 'நம்ம பக்கம்'. மிச்சமெல்லாம் 'அந்தப் பக்கம்'. கட்சிகளின் பெயர் இங்கே வேண்டாம். பெயரைச் சொன்னால், நல்ல வேளை நம் கட்சி இல்லை என்று பாதிப் பேர் நிம்மதியாகப் போய்விடுவார்கள். முதலாளி நடுவில் ஒருமுறை பக்கம் மாறினார். அன்று வரைக்கும் 'ஆணவப் பேச்சு' என்று எழுதப்பட்ட ஆளை அடுத்த வாரத்திலிருந்து 'மாண்புமிகு' என்று எழுத வேண்டி வந்தது. மீரான் எழுதினார். கை கூசவில்லை. கூசினால் மாதாமாதம் வீட்டு வாடகை யார் கொடுப்பது என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வார், அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

அந்தப் பக்கத்து ஆள்மேல் புகார் வந்தால் புகார்தான் செய்தி. பெரிய எழுத்து, பெரிய படம். நம்ம பக்கத்து ஆள்மேல் வந்தால் அவருடைய மறுப்புதான் செய்தி. என்ன புகார் என்பது கடைசிப் பத்தியில், கண்ணாடி போட்டுத் தேடினால் கிடைக்கும். இதோடு இன்னொரு வழக்கமும் இருந்தது. நம்ம பக்கத்து ஆளைப் பற்றி ஏதாவது வில்லங்கமாக எழுதினால், எழுதி முடித்ததும் அதை முழுசாக அவருடைய அலுவலகத்துக்கு வாட்சப்பில் அனுப்பிவிட வேண்டும். கையில் இருக்கிற ஆதாரப் படங்களையும் சேர்த்து. அவர்கள் பார்த்து, கழித்து, கூட்டி, தங்கள் பதிலை மேலே வைத்துத் திருப்பி அனுப்புவார்கள். இதற்குப் 'பதிலுக்கு அனுப்புவது' என்று பெயர். கோலாலம்பூர் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் செய்தி ஆசிரியர் சிவநேசன் இதைப் பத்திரிகை தர்மம் என்பார். அந்தப் பக்கத்து ஆளுக்கு இந்தத் தர்மம் கிடையாது. அவர் காலையில் பேப்பர் வாங்கித் தெரிந்துகொள்வார்.

நான்கு வருடத்துக்கு முன்பு அப்படி ஒருவர் காலையில் பேப்பர் வாங்கித் தெரிந்துகொண்டார். அந்தப் பக்கத்துப் பிரமுகர். அவருடைய அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரு பெண் அவர்மேல் போலீசில் புகார் கொடுத்திருந்தாள். மீரான் ஏழு நாள் எழுதினார். கிழி கிழி என்று கிழித்தார். அந்தப் பெண் போலீஸ் ரிப்போர்ட் என்கிற புகார் நகலை முகத்துக்கு முன்னால் பிடித்தபடி நின்ற படத்தை அவரே எடுத்து, பெயர், ஐசி என்கிற அடையாள அட்டை எண், விலாசம் எல்லாவற்றின் மேலும் அவரே கறுப்புப் பட்டை போட்டார். எட்டாம் நாள் அந்த ஆள் பதவி விலகினார். தலைமை அலுவலகத்தில் மீரானைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். ஆண்டு விருந்தில் கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். பதவி போன பிறகு அந்தப் பெண்ணைப் பற்றி 'வடமுனை'யில் ஒரு வரி வரவில்லை. அவளுடைய புகார் என்ன ஆயிற்று என்று அலுவலகத்தில் யாரும் கேட்கவில்லை, மீரானும் கேட்கவில்லை.

இப்போதைய விஷயம் ஒரு வியாழக்கிழமை ஆரம்பித்தது. மத்தியானக் கூட்டம் ஓய்ந்த நேரம், சூலியா தெருவில் ஒரு நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை. மைக்கேல் என்று ஒருவர் போன் பண்ணி வரச் சொல்லியிருந்தார். பத்து காவானில் தொழிற்சாலைப் பஸ் ஓட்டுகிறவர். மீரானுக்கு முன்பின் பழக்கமில்லை. போனபோது மைக்கேலும் அவர் மகள் கிறிஸ்டலும் சுவர் ஓரத்து மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணுக்கு இருபத்து நாலு வயது இருக்கும். மடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைலை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"நானா, எனக்கு இதெல்லாம் பேச வராது. அதுவே சொல்லும்," என்றார் மைக்கேல்.

கிறிஸ்டல் சொன்னாள். சிம்பாங் அம்பாட்டில் சட்டமன்ற உறுப்பினர் அருள்நம்பியின் சேவை மையத்தில் மூன்று வருடம் குமாஸ்தா வேலை. வயதானவர்களுக்கு உதவித்தொகை மனு எழுதிக் கொடுப்பது, கோயிலுக்கும் பள்ளிக்கும் கடிதம் அடிப்பது. ஊரில் எல்லாருக்கும் அருள்நம்பி 'வைபி', அதாவது மாண்புமிகு. இரண்டு முறை அவர் கதவைச் சாத்திவிட்டு நடந்துகொண்ட விதத்தை அவள் மேசையைப் பார்த்தபடி சொன்னாள். மைக்கேல் எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். பிறகு வாட்சப்பில் வைபி அனுப்பியதையெல்லாம் அவள் காட்டினாள். மீரான் நான்கைந்து படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி வேலையை விட்டாளாம். நேற்றுதான் போலீசுக்குப் போனாளாம்.

"நீங்க எழுதினதாலதான் அங்கிள் நான் போலீசுக்கே போனேன்," என்று சொல்லி அவள் ஃபைலைத் திறந்தாள்.

உள்ளே அந்த ஏழு நாள் செய்திகள். ஒன்றுவிடாமல் வெட்டி, தேதி எழுதி, ஒவ்வொன்றும் தனி உறையில்.

"அப்ப நான் காலேஜ்லா. ஏன் எடுத்து வச்சேன்னு தெரியல. ஒரு பொண்ணு சொன்னத நம்பி ஒரு ஆள் இப்படி எழுதுறாரேன்னு இருந்துச்சு. அங்கிள், அந்த அக்கா இப்ப எப்படி இருக்காங்க?"

மீரான் தேநீர் கிளாஸை ஒருமுறை சுற்றி வைத்தார்.

"நல்லா இருக்காங்கம்மா," என்றார்.

அவள் கேட்டது இரண்டே விஷயம். பேப்பரில் வந்துவிட்டால் யாரும் அவளுடைய புகாரை மூடி வைக்க முடியாது, அதனால் எழுத வேண்டும். ஆனால் பேப்பரில் வருகிற வரைக்கும் வைபிக்குத் தெரியக் கூடாது.

"வந்தப்பறம் தெரிஞ்சா பரவால்ல, ஊரே பாத்துக்கிட்டிருக்கும். முன்னாடியே தெரிஞ்சா எங்க வீட்ட உண்டு இல்லன்னு பண்ணிருவாங்க. என் பேரு மட்டும் எப்பவும் வர வேணாம் அங்கிள். அந்த அக்கா பேரு வராம நீங்க பாத்துக்கிட்டீங்கல்ல, அதே மாதிரி."

இங்கேதான் மீரான் உள்ளதைச் சொல்லியிருக்க வேண்டும். அருள்நம்பி நம்ம பக்கம். போன தீபாவளிக்கு அவர் படம் போட்ட முழுப் பக்க வாழ்த்து 'வடமுனை'யில் வந்தது. இந்தப் பெண் கதவு மாறித் தட்டிவிட்டாள் என்று மீரானுக்கு முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. இல்லையம்மா, வேறு இடம் பார் என்று சொல்லியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். சொல்ல அவள் முகம் விடவில்லை. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு, அதைப் பின்னால் அவரே மனைவி ரோஹானாவிடம் ஒப்புக்கொண்டார். அந்த ஃபைலுக்குள் இருந்த மீரானாக அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பது அவருக்கு இனித்தது.

"உன் பேரு என் வாயிலேர்ந்து வராதும்மா," என்றார்.

புகார் உண்மைதான் என்று காட்ட அவள் போலீஸ் ரிப்போர்ட்டை மேசையில் வைத்தாள். காற்றாடிக்குக் காகிதம் பறந்தது. மீரான் வலது கை ஆள்காட்டி விரலால் ஒரு மூலையை அழுத்திக்கொண்டு மறு கையால் போனில் படம் எடுத்தார். நிருபர்கள் எல்லாரும் செய்வதுதான். ஆசிரியர் ஆதாரம் கேட்டால் காட்ட வேண்டுமே.

அன்று சாயங்காலமே எழுதினார். நன்றாக எழுதினார் என்பதையும் சொல்ல வேண்டும். பூசி மெழுகவில்லை. 'முன்னாள் பெண் ஊழியர்' என்பதைத் தவிர அவளை அடையாளம் காட்ட ஒரு சொல் கிடையாது. எந்த வைபி என்பதை இரண்டாம் வரியிலேயே வைத்தார். எழுதி முடித்தபோது அவருக்கே கொஞ்சம் கர்வமாக இருந்தது. சிவநேசனுக்கு அனுப்பிவிட்டு, நாளைக்கு என்ன ஆனாலும் ஆகட்டும் என்று சாப்பிடப் போனார்.

மறுநாள் காலை பத்தரை மணிக்குத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் விளையாட்டுப் போட்டிக்குப் போய்க்கொண்டிருக்கும்போது சிவநேசன் போன் பண்ணினார். மீரான் வண்டியைச் சாலை ஓரமாக நிறுத்தினார்.

"அண்ணே, யாரப் பத்தி எழுதியிருக்கீங்கன்னு தெரிஞ்சுதான் எழுதினீங்களா?"

"தெரிஞ்சுதான் தம்பி. புகார் உண்மை. ரிப்போர்ட்ட என் கண்ணால பாத்தேன். மெசேஜும் பாத்தேன்."

"நான் போட மாட்டேன்னு சொல்லல அண்ணே. போடுவோம். பதிலுக்கு அனுப்பிட்டீங்களா?"

மீரானுக்கு மனசு லேசானது. போடுவோம் என்று சொல்லிவிட்டாரே. சிவநேசன் வாயிலிருந்து அந்த வார்த்தை வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. பள்ளியில் கொடியேற்றத்துக்கு நேரமாகிவிட்டது. வைபியின் பத்திரிகைத் தொடர்பாளர் பிரையனின் பெயரை வாட்சப்பில் தேடி, செய்தியை அழுத்தினார், படத்தை அழுத்தினார், அனுப்பினார். எத்தனையோ வருடமாக இப்படித்தான் அனுப்புவார், செய்தியும் படமும் சேர்த்து. செய்தியில் பெயர் இல்லை. படத்தில் பெயர் இருந்தது, ஐசி எண் இருந்தது, வீட்டு விலாசமும் போன் நம்பரும் இருந்தன. பேப்பரில் வருவதற்கு முன்னால் வைபிக்குத் தெரியக் கூடாது என்று அவள் கேட்டுக்கொண்டது அந்த நேரத்தில் அவர் நினைவுக்கு வரவே இல்லை. போனைப் பையில் போட்டுக்கொண்டு போட்டிக்குப் போனார். சாக்கு ஓட்டத்தில் ஜெயித்த பிள்ளைகளைப் படம் எடுத்தார்.

மூன்று மணிக்குப் பிரையனிடமிருந்து பதில் வந்தது. செய்திக்கான பதில் இல்லை. 'ஐந்து மணிக்கு செய்தியாளர் கூட்டம், சேவை மையத்தில். அவசியம் வாங்க அண்ணே.'

அப்போதுதான் மீரான் காலையில் அனுப்பியதை எடுத்துப் பார்த்தார். அழிக்க நினைத்து அழுத்தினார். அழிந்தது. ஆனால் நீல டிக் நாலரை மணி நேரத்துக்கு முன்பே விழுந்திருந்தது. கிறிஸ்டலைக் கூப்பிட்டு உடனே சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே பாலத்தைத் தாண்டி சிம்பாங் அம்பாட்டுக்கு வண்டியை ஓட்டினார். கோழைத்தனம்தான். அதற்கு வேறு பெயர் வைக்க முடியாது.

கூட்டத்தில் அருள்நம்பி அழகாகப் பேசினார். தன் வளர்ச்சியைப் பொறுக்காத அந்தப் பக்கத்து ஆட்கள் ஒரு பெண்ணைத் தூண்டிவிட்டிருக்கிறார்கள் என்றார். பக்கத்தில் அவருடைய மனைவி கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தார். அவதூறு என்று மத்தியானமே எதிர்ப் புகார் கொடுத்தாகிவிட்டது. பிறகு பினாங்கில் எல்லா அரசியல்வாதியும் செய்வதுபோல எழுந்து நின்று, போலீஸ் ரிப்போர்ட்டைக் கேமராக்களுக்கு நேராகப் பிடித்தார். வலது கையில் அவருடைய ரிப்போர்ட். இடது கையில் கிறிஸ்டலுடையது, பெரிதாக அச்செடுத்தது. மீரான் இரண்டாம் வரிசையில் இருந்தார். அங்கிருந்தே பெயரைப் படிக்க முடிந்தது. காகிதத்தின் கீழ் மூலையில் படத்தோடு அச்சான ஒரு விரலும் பச்சைக்கல் மோதிரமும் தெரிந்தன.

மற்ற நிருபர்கள் அருள்நம்பியைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, மீரான் வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். வெளியே வந்து சிவநேசனைக் கூப்பிட்டார்.

"தம்பி, அந்தப் புள்ளைக்கு வாக்கு குடுத்துருக்கேன். படத்துல பேரு தெரியுது. பட்டை போட்டு மறைச்சுடுங்க. கெஞ்சிக் கேக்குறேன்."

"வைபியே ஊருக்குக் காட்டுறாரு அண்ணே, நாம என்ன மறைக்கிறது? மத்த பேப்பர்ல வரும்லா."

"அப்ப நான் எழுதினதப் போடுங்க."

"போடுறேனே. கடைசில ஒரு பத்தி வரும். ரெண்டு பக்கமும் சொல்லணுமில்ல?"

"என் பேரையாச்சும் எடுத்துடுங்க தம்பி. நான் எழுதல."

சிவநேசன் கெட்ட மனிதரும் இல்லை. இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருக்கிற, இருபத்து நாலு மணி நேரமும் வேலை செய்தாலும் முதலாளியிடம் திட்டு வாங்குகிற ஆள்.

"உங்க பேரு இல்லாட்டி அங்க யாரும் நம்ப மாட்டாங்க அண்ணே," என்றார்.

சனிக்கிழமை 'வடமுனை'யின் முதல் பக்கத்தில் வந்தது. 'வைபி அருள்நம்பிக்கு எதிராகச் சதி! அவதூறை முறியடிப்பேன் எனச் சூளுரை.' அதற்குக் கீழே, நாகூர் மீரான், பினாங்கு. அரைப் பக்கப் படம். பட்டை கிடையாது. அவர் வியாழக்கிழமை எழுதியதில் மிஞ்சியது கடைசிப் பத்தியில் இரண்டு வரி. ரோஹானா பேப்பரைப் படித்துவிட்டு மேசையில் வைத்தாள். படத்தைப் பார்த்தாள், பிறகு கணவனின் கையைப் பார்த்தாள்.

"இது உங்க மோதிரம்தானே?" என்று கேட்டாள்.

அவர் நடந்ததையெல்லாம் சொன்னார். அவள் திட்டவில்லை. அந்தப் பெண்ணுக்கு எத்தனை வயது என்று மட்டும் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

கிறிஸ்டலுக்கு அவர் பதினோரு முறை போன் பண்ணினார். எடுக்கவில்லை. நேரில் போக அவருக்கு நான்கு நாள் பிடித்தது. மோதிரத்தைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுப் போனார். விரலில் அது இருந்த தடம் வெளுப்பாகத் தெரிந்தது.

சிம்பாங் அம்பாட்டில் தாமான் என்கிற அந்தக் குடியிருப்பைக் கண்டுபிடிக்க யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. விலாசம்தான் பேப்பரிலேயே இருந்ததே. தாமானின் காவல் சாவடியில் யாரோ முதல் பக்கத்தை ஒட்டி வைத்திருந்தார்கள். மைக்கேல் வாசல் கம்பிக் கதவைத் திறக்கவில்லை. உள்ளே நின்றபடியே பேசினார்.

"நாலு நாளா போன் அடிக்குது நானா. யாருன்னே தெரியாத ஆளுங்க. என் பொண்ணுகிட்ட என்னென்ன கேக்குறானுங்க தெரியுமா? மாதா கோயில் பாட்டுக் குழுவுல கொஞ்ச நாளைக்கு வர வேணாம்னு சொல்லிட்டாங்க. பஸ்ஸுல ஏறுற ஆளுங்க என் முகத்தப் பாக்குறதில்ல. நான் என்ன தப்பு பண்ணேன், சொல்லுங்க?"

"தப்பு என்னோடது மைக்கேல். நான்தான் அனுப்பினேன். தெரியாம அனுப்பிட்டேன்."

"தெரியாமலா? இருபத்தாறு வருஷம் பேப்பர்ல இருக்கீங்களே!"

மீரானின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். போ என்று மைக்கேல் சொல்லியிருந்தால் போயிருப்பார். அவர் சொல்லவும் இல்லை.

கிறிஸ்டல் வெளியே வந்தாள். அழுது முடித்த முகம். அவள் கத்தியிருந்தால் மீரானுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கத்தவில்லை.

"ரிப்போர்ட்ட வாபஸ் வாங்கிட்டேன் அங்கிள். நேத்து. பிரையன் வந்தாரு. வாபஸ் வாங்கினா அவங்களும் எதிர்ப் புகார விட்டுருவாங்களாம். அப்பா வேலைக்கும் ஒன்னும் வராதாம்."

"அவசரப்பட்டுட்டியேம்மா. நான் வேற பேப்பர்ல பேசுறேன். அந்தப் பக்கத்துப் பேப்பர்ல நாளைக்கே..."

"அவங்க சனிக்கிழமையே வந்துட்டாங்க," என்றாள். "ரெண்டு நிருபர், ஒரு கேமரா. வைபி விழுந்தா அவங்களுக்கு நல்லதுதானே. ஒரு வாரம் எழுதுவாங்க. அப்பறம்?"

அவள் கம்பிக் கதவுக்கு இன்னும் கிட்டே வந்தாள்.

"நான் அந்த அக்காவப் போய்ப் பாத்தேன் அங்கிள். ஞாயித்துக்கிழமை. அப்பாவுக்குத் தெரிஞ்சவங்க மூலமா விசாரிச்சு போனோம். அவங்க பேரு ஹுஸ்னா. கெடாவுல ஒரு தையல் கடையில இருக்காங்க. அந்த ஆள் பதவிய விட்டப்பறம் கேஸ் என்ன ஆச்சுன்னு கேக்க உங்களுக்கு நாலு தடவ போன் பண்ணாங்களாம். நீங்க எடுக்கலயாம். வக்கீல் இல்ல, துணைக்கு ஆள் இல்ல, கடைசில அவங்களும் என்னை மாதிரியே வாபஸ் வாங்கிட்டாங்க. அவங்க சொன்னது நிஜம் அங்கிள். ஆனா இப்ப அது யாருக்கு வேணும்?"

"எனக்குத் தெரியாதும்மா," என்றார் மீரான். அது உண்மை. தெரிந்துகொள்ள அவர் முயற்சி செய்யவில்லை என்பதும் உண்மை. அந்த நான்கு அழைப்புகள் அவருக்கு இப்போது நினைவுக்கு வந்தன. கேடயம் வாங்கக் கோலாலம்பூர் போயிருந்த வாரம் அது.

"நல்லா இருக்காங்கன்னு சொன்னீங்களே," என்றாள் கிறிஸ்டல்.

அவள் உள்ளே போய் அந்தப் பிளாஸ்டிக் ஃபைலை எடுத்து வந்து கம்பிகளுக்கு நடுவே நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். வாங்கும்போது அவள் அவருடைய விரலைப் பார்த்தாள். மைக்கேல் மகளின் தோளைப் பிடித்து உள்ளே அழைத்துக்கொண்டு போனார். வீட்டுக் கதவு சாத்தப்பட்டது. மீரான் வெயிலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வண்டியை எடுத்தார்.

வியாழக்கிழமை 'வடமுனை'யில், 'புகார் வாபஸ்: வைபி அருள்நம்பி களங்கமற்றவர்' என்று வந்தது. அதிலும் அவர் பெயர் இருந்தது. அவர் ஒரு எழுத்துகூட எழுதவில்லை.

அன்று காலை பதினோரு மணிக்கு மீரான் போலீஸ் நிலையத்துக்குப் போனார். எத்தனையோ பேர் புகார் கொடுப்பதை வாசலில் நின்று எழுதியவர், முதல் முறையாக வரிசையில் நின்றார். கார்ப்பரல் தொழில் என்ன என்று கேட்டபோது நிருபர் என்றார். கிறிஸ்டல் தனக்கு மட்டும் காட்டிய ரிப்போர்ட்டைத் தான்தான் படம் எடுத்ததாகவும், இன்ன தேதி இன்ன நேரத்தில் வைபியின் பத்திரிகைத் தொடர்பாளருக்குத் தான்தான் அனுப்பியதாகவும், அந்தப் பெண்ணைத் தூண்டிவிட்டது யாருமில்லை என்றும், வைபி அவளுக்கு அனுப்பிய வாட்சப் செய்திகளைத் தன் கண்ணால் படித்ததாகவும் சொன்னார். இது எந்தக் குற்றத்தில் வரும் என்று கார்ப்பரலுக்குப் புரியவில்லை. இருந்தாலும் தட்டச்சு செய்து, அச்செடுத்து, முத்திரை வைத்துக் கொடுத்தார். வெளியே கேமராவோடு ஒருவரும் காத்திருக்கவில்லை. போலீஸ் நிலைய மதில் ஓரம் நிழலில் நின்று, ரிப்போர்ட்டை மோட்டார் சைக்கிள் இருக்கையில் விரித்து, விரலால் அழுத்திக்கொண்டு அவரே படம் எடுத்தார். அங்கேயே எட்டு வரியில் ஒரு செய்தி எழுதினார். இந்த முறை தன் பெயரை முதல் வரியில் வைத்தார். இரண்டையும் சிவநேசனுக்கு அனுப்பினார்.

பத்து நிமிடத்தில் சிவநேசன் கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது.

"அண்ணே, வைபி சம்பந்தப்பட்டது இது. பதிலுக்கு அனுப்பிட்டீங்களா?"

மீரான் போனை அணைத்தார். அந்தச் செய்தி 'வடமுனை'யில் வரவில்லை. அதற்குப் பிறகு அவர் பெயரும் வரவில்லை. இப்போது மச்சானின் நாணய மாற்றுக் கடையில் உட்கார்ந்திருக்கிறார். மூன்று நாளாகத் தண்ணீர் வராதவர்கள் இன்னமும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். நான் எழுதுவதில்லை என்கிறார். தன்னடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அன்று போலீஸ் நிலைய வாசலில் அவர் இன்னொன்றும் செய்தார். அந்தப் படத்தைக் கிறிஸ்டலுக்கு அனுப்பினார். பட்டை போடவில்லை. தன் பெயர், ஐசி எண், ஆயிர் ஈத்தாம் வீட்டு விலாசம், போன் நம்பர், எல்லாம் அப்படியே. 'இதை நீ எங்கே வேண்டுமானாலும் காட்டலாம் அம்மா' என்று கீழே எழுதினார். சிறிது நேரத்தில் நீல டிக் விழுந்தது. அவர் வண்டியிலேயே சாய்ந்துகொண்டு, போனைக் கையில் வைத்தபடி பதிலுக்குக் காத்திருந்தார். வெயில் மதிலைத் தாண்டி அவர்மேல் வந்த பிறகும் காத்திருந்தார். பதில் வரவில்லை.